துரை பங்களாவில் நான் அடித்த ஆப்பிரிக்க மேளம்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். தேயிலைக் கொழுந்து லொறியில் கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடித்து, முப்பது வயதுக்குள் சொந்த வேன் வைத்தவன் நான். நானுஓயா ஸ்டேஷனில் வேன் போட்டிருந்தவர்களில் வெள்ளைக்காரர்களோடு இங்கிலீஷ் பேசியவன் நான் ஒருத்தன்தான். பாதி வாயால் பேசுவேன், பாதி கையால். இதுவரை ஒரு வெள்ளைக்காரனும் குறை சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் ரயிலில் இருந்து ஏழெட்டு பிரான்ஸ்காரப் பெண்கள் இறங்கினார்கள். கூடவே ஆறடிக்கு மேல் உயரமான ஓர் ஆப்பிரிக்கர். சாக்கில் சுற்றிய மேளங்கள் பத்து. திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் சும்மா கிடந்த பழைய துரை பங்களாவை இரண்டு வாரத்துக்கு எடுத்திருந்தார்கள். ஆப்பிரிக்க ஆட்டமும் மேளமும் படிக்கவாம்.

"அதுக்கு ஆப்பிரிக்காவுக்கில்ல போவணும்?" என்று கூட்டத்துக்குத் தலைவியான அம்மாவிடம் கேட்டேன். அங்கே வெயில் அதிகம் என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

வாத்தியார் செனகல் தேசத்துக்காரர். வெயிலில் பிறந்த மனுஷனுக்கு எங்கள் மலைக்குளிர் ஆகவே இல்லை. இரண்டு கம்பளிச் சட்டை போட்டு, மங்கி தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டேதான் பாடம் நடத்துவார். மூன்றாம் நாள் பெரிய மேளம் அடித்த அம்மா வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார். பெரிய மேளம் இல்லாமல் ஆட்டம் நடக்காதாம். வாத்தியார் சுற்றிலும் பார்த்தார். வாசலில் நான் வேன் கழுவிக்கொண்டிருந்தேன். முடியாது என்ற சொல்லை நான் படித்தது கிடையாது. மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அதே தோட்டத்தில்தான் எனக்குப் பெண் பேசி, பரிசமும் போட்டிருந்தது. அடுத்த மாதம் கல்யாணம். மாமனாராக வரப்போகிறவர் தோட்டக் கமிட்டித் தலைவர். தொழிலாளிக்கு ஒன்று என்றால் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய் நிற்பவர். மீசையும் கௌரவமும் ஒரே அளவு. எங்கள் பக்கம் தப்பு மேளத்தை ஒரு சாதிக்காரர்தான் தொடுவார்கள். அந்த மேளத்துக்கு ஆடாத ஆள் கிடையாது. ஆனால் கையால் தொட்ட மற்றவனுக்குப் பெண் கிடையாது. அந்த நாளில் எங்கள் புத்தி அப்படி. மேளம் அடிக்கிறேன் என்று மாமா காதில் விழுந்தால் கல்யாணம் போய்விடும். பங்களா மேட்டில் இருக்கிறது, தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒரு மைல் தள்ளி, சத்தம் எட்டாது என்று நினைத்தேன். காற்று பற்றி நினைக்கவில்லை.

ஆறாம் நாள் வாத்தியார் கற்றுக்கொடுத்த அடி என் கைக்கு ஏறவே இல்லை. கடைசியில் அவரே அலுத்துப்போய், உனக்குத் தெரிந்ததை அடி என்று சைகை காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். அது தானாக ஒரு அடியைப் பிடித்தது. வாத்தியார் துள்ளிக் குதித்தார். அந்த அடிமேல் ஓர் ஆட்டத்தை வைத்தார். அம்மாமார் முழங்கையைக் கோழிச் சிறகு மாதிரி விரித்துக் குதித்தார்கள். ஒரு மணி நேரம் அடித்தேன். ஆப்பிரிக்காவே என்னிடம் தோற்றது என்று நினைத்துக்கொண்டேன்.

வேலியைத் தாண்டி முதல் பெண் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்தபோதுதான் நான் அடிப்பது சாவு அடி என்று எனக்கே உறைத்தது. எத்தனை இழவு வீட்டில் கேட்டது! கைக்குத் தெரிந்த ஒரே அடி அதுதான்.

தோட்டத்தில் அந்த அடி கேட்டால் கொழுந்து பறிப்பவர்கள் மலையை விட்டு இறங்கிவிடுவார்கள். யாரும் தடுக்க முடியாது. கூடையும் முதுகுமாக மலை மொத்தமும் பங்களாவுக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆடிக் களைத்த ஓர் அம்மா, வெள்ளை உடுப்பில், கண்மேல் ஈரத்துணி போட்டுப் புல்லில் நீட்டிப் படுத்திருந்தார். பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள்.

"ஏழு கடல் தாண்டி வந்தியே எந்தாயி, எங்க குளிருக்கா குடுத்த உசுர!"

மாமா கோடித்துணியோடு வந்து அந்த அம்மாமேல் மரியாதையாகப் போர்த்தினார். அந்த அம்மா எழுந்து, துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு, மாமாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். கூட்டம் மொத்தமும் பின்னால் சாய்ந்தது. மாமாவும் பின்னால் சாய்ந்து திரும்பினார். எதிரே நான். மேலே சட்டையில்லை. இடுப்பில் பூப்போட்ட ஆப்பிரிக்கத் துணி, அதன்மேல் மேளம்.

"மாப்புள."

"வாங்க மாமா."

"யாரு செத்தது?"

"யாரும் சாகல மாமா."

"அப்ப அடிச்சது?"

"நாந்தான்."

"கல்யாணம் இல்ல. நீங்க வேன எடுங்க."

அதற்குள் தோட்டத்தில் தப்பு அடிக்கும் பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எவன்யா எனக்குச் சொல்லாம சாவு அடிக்கிறது? நான் என்ன செத்தா போனேன்? இது ஒரு அடியா? மூணாவது தட்டு செத்துல்ல கெடக்கு!"

"அது ஒண்ணாச்சும் செத்துச்சே, வந்ததுக்கு" என்றாள் ஒரு கொழுந்துக்காரி.

சிரிப்பு அடங்குமுன் துரையின் ஜீப் வந்து நின்றது. யார் செத்தது, செத்த ஆள் இல்லையென்றால் இன்றைக்கு ஒருத்தருக்கும் பேர் கிடையாது என்று துரை கத்தினார். ஒரு நாள் வேலை பதிவாவதைத்தான் பேர் என்போம். எல்லார் கண்ணும் மாமா மேல். எத்தனையோ துரைமாரை மடக்கிய மாமாவுக்கு அன்றைக்கு மீசைதான் ஆடியது, வாய் ஆடவில்லை.

நான் முன்னால் போனேன். செத்தது தோட்டத்து ஆள் இல்லை, இந்த ஐயாவின் ஊர் ராஜா, காலையில்தான் தந்தி வந்தது என்று வாத்தியாரைக் காட்டி என் இங்கிலீஷில் சொன்னேன். துரை வாத்தியாரைப் பார்த்தார். சளியில் மனுஷனுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதைவிடத் துக்கமான முகத்தை நான் இழவு வீட்டிலும் கண்டதில்லை. துரை தொப்பியைக் கழற்றி அவர் கையைப் பிடித்தார். மேளம் நின்றும் ஓரமாக ஆடிப் பழகிக்கொண்டிருந்த அம்மாமாரைக் காட்டிக் கேட்டார்.

"இவங்க ஏன் ஆடுறாங்க?"

"அவங்க ஊரு வழக்கம் சார். ஊருப் பெரியவங்க ஆடித்தான் ராஜாவ அனுப்பணும்."

துரை மாமாவைப் பார்த்தார். ஊர்ப் பெரியவர் அங்கே அவர்தானே! நான் அடித்தேன். தப்புக்காரப் பெரியவர் என்னை முறைத்துவிட்டு, மூன்றாவது தட்டைத் தானே போட்டு அடியைச் சரி செய்தார். மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். ஆடினார். வாத்தியார் சந்தோஷத்தில் அவர் முழங்கையைப் பிடித்துச் சிறகு மாதிரி விரித்துவிட்டார். பிரான்ஸ்காரிகள் ஆறு நாளாகப் படித்தும் வராத ஆட்டம் அவருக்கு ஆறு நிமிஷத்தில் வந்தது. துரை தொப்பியை நெஞ்சில் வைத்து அசையாமல் நின்றார். போகும்போது எல்லாருக்கும் முழுப்பேர் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

இழவு வீட்டில் இருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. எல்லாரும் பேசாமல் இறங்கிப் போனார்கள். மாமாவும் ஒரு வார்த்தை பேசாமல் போனார். அது வழக்கமா, கோபமா? எனக்குத் தெரியவில்லை. பேரைக் காப்பாற்றிய என்னை விட்டு நல்ல மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளே சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் ஸ்டேஷனில் மாமா வந்து வேன் கதவைத் திறந்து முன்னால் உட்கார்ந்தார். மடியில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு.

"பூண்டுலோயாவுக்கு விடுங்க. எங்க அக்கா வீட்டுக்கு மொதப் பத்திரிகை."

வேனை எடுத்தேன். மூன்றாவது வளைவில் மாமா வாயைத் திறந்தார்.

"நான் ஆடினத நீங்க பாக்கல."

"நான் கண்ண மூடிட்டுத்தான் மாமா அடிச்சேன்."

"நீங்க அடிச்சத நான் கேக்கல. ஆனா ஒண்ணு மாப்புள. மணவறையில ரெண்டு கையையும் மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கணும். தாலி கட்ட மட்டும் எடுத்தாப் போதும்."