கையில் ஒன்று வந்து சேராத மதியம்

படூரில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் கம்பெனி. பெரிய எண்ணை இன்னொரு பெரிய எண்ணால் பெருக்கி, வேறொன்றால் வகுத்து, மீதியை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் என் வேலை. மணி பத்துக்கு மேல் ஐந்து மணி நேரம் போனால் கடிகாரம் மூன்று காட்டுமே, அந்தக் கணக்குதான். எண்கள் மட்டும் அரைப் பக்கம் நீளும். ரகசியச் செய்திகளைப் பூட்டுவதும் திறப்பதும் இதை வைத்துத்தான். என் வயதுக்காரர்கள் மாமல்லபுரம் பக்கம் மனை வாங்கிவிட்டார்கள். எனக்கு வாய்த்தது மீதி.

இந்தக் கணக்கை, நினைத்தபடி மாற்றி அமைக்கக்கூடிய ஒரு சிப்புக்குள் இறக்கியிருந்தோம். கூட்டும்போது 'கையில ஒண்ணு' என்போமே, அந்த ஒன்று சிப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, சிப்புக்குள் ஓடும் கடிகாரத்தின் அடுத்த டிக் விழுவதற்குள் போய்ச் சேர வேண்டும். சூடு ஏறினால் தாமதமாகும், விடை தப்பாகும். சிப்பை அமைத்துத் தரும் சாஃப்ட்வேர் அப்போதே எச்சரித்தது. டிக்கை மெதுவாக்கலாம், ஆனால் வாங்க வருகிறவர் கேட்டதே வேகத்தைத்தான். அதனால் எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதைச் செய்தேன். விதை எண் என்று ஒன்றை மாற்றிக் கொடுத்தால் சாஃப்ட்வேர் சிப்புக்குள் எல்லாவற்றையும் வேறு மாதிரி அடுக்கிப் பார்க்கும். என் கல்யாணத் தேதியைக் கொடுத்தேன். நிலைமை இன்னும் மோசமானது.

"அண்ணாத்த, அண்ணிக்கு இது தெரியுமா?" என்றார் கூட வேலை செய்யும் செய்யூர்க்காரர். "பழைய நம்பரையே போடு. கொஞ்சூண்டுதான இடிக்குது? ஏசி கீதுல்ல, அட்ஜஸ் ஆயிடும்."

ஆனதுதான். சிப்பைப் பொருத்திய போர்டில், விடை சரி என்றால் பச்சை விளக்கு, தப்பு என்றால் சிவப்பு. காலை முழுக்கப் பச்சை. இந்த ஆர்டர் வராவிட்டால் என் வேலை இருக்காது என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். ஐம்பதை நெருங்குகிறவனை வேறு யார் எடுப்பார்கள்?

வாங்க வந்தவர் மதியம் வந்து உட்கார்ந்ததும் கரண்ட் போனது. யுபிஎஸ்ஸில் போர்டு ஓடியது, ஏசி ஓடவில்லை. மே மாதம்.

"இன்னா பாத்துகினு கீற? விசுறு!" என்று செய்யூர்க்காரர் காதில் சொன்னார். பஃப்ஸ் வந்த அட்டைப்பெட்டியின் மூடியை எடுத்து, அவர் முன்னால் மேஜையில் இருந்த போர்டை விசிறினேன்.

வந்தவர் நெகிழ்ந்துவிட்டார். "எனக்காக இன்னாத்துக்கு சார் கஷ்டப்படுறீங்க? எனக்கு வேர்க்கவே இல்ல."

பச்சை. மறுபடி பச்சை. அவருக்கு ரொம்பத் திருப்தி. இதைக் கடற்கரையோரம் ஒரு தகரப் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்போவதாகச் சொன்னார். இன்னும் வேகமாக விசிறினேன். கை வலித்தது. மூடியை இடது கைக்கு மாற்றினேன். அது என்றைக்கும் எதற்கும் உதவாத கை. சிவப்பு எரிந்தது.

"இன்னா சார் இது?"

"சூடு சார். விசிறினா சரியா போடும்."

அவர் என்னையும் மூடியையும் பார்த்தார். "அப்ப பொட்டிக்குள்ள உங்களயும் வெச்சிப் பூட்டணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஆபீசில் இப்படிப்பட்ட ஜோக்கை அடிப்பது வழக்கமாக நான்தான். மார்கழியில் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். "நாளைக்கு ரூமுக்கு வந்து பாருங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு முதலாளி அவர் பின்னால் ஓடினார்.

கரண்ட் வந்தது. ஏசி உறுமியது. காலி நாற்காலிக்கு எதிரே போர்டு நிதானமாக, ஒன்று விடாமல், சரியான விடைகளைப் போட ஆரம்பித்தது.