ஊதக் கூடாத மைக்கு

கன்னையன் ஊட்டுல ஒரே ஒரு நாற்காலிதானுங்க. அதுல அவன் உக்காந்து யாரும் பார்த்ததில்லை. மைக்கு நிக்கும். படுக்க வெச்சா உள்ளே இருக்கற ரிப்பன் தொய்ஞ்சு போயிருமாம்! கட்டிக்க ஒருத்தி வந்திருந்தா அவளும் தரையிலதான் உக்காந்திருக்கணும். நல்லவேளை, எவளும் வரலை.

நான் ராமாத்தாள், அவனுக்குப் பக்கத்து ஊடு. பனியன் கம்பெனியில பிசிறு வெட்டறவ. தைச்சு வர்ற பனியன்ல தொங்கற நூலைக் கத்தரிக்கறதுதான் என்ற வேலை. கன்னையன் ஸ்பீக்கர் செட் வெச்சுக் கல்யாணம், காதுகுத்துன்னு ஓடறவன். கோயமுத்தூர்ல ஒரு படக் கம்பெனியை இழுத்து மூடினப்போ, அங்கே பாட்டுப் பதிஞ்ச மைக்கை, ரெண்டு எருமையை வித்து வாங்கிட்டு வந்தான். பால் கறக்கற எருமைங்க! இது என்னத்தைக் கறக்கும்?

"ரிப்பன் மைக்குங்கக்கா"ன்னான். "ஏன்டா, அதுக்குச் சடை பின்னி விடுவியா?"ன்னு கேட்டேன். அவனுக்குச் சிரிப்பே வரலை. உள்ளே அலுமினிய ரிப்பனாம், வெங்காயச் சருகை விட மெல்லிசாம். முன்னாடி பேசினாலும் கேக்குமாம், பின்னாடி பேசினாலும் கேக்குமாம், பக்கவாட்டுல மட்டும் செவுடாம். ஒருக்கா ஊதினா ரிப்பன் கிழிஞ்சிருமாம். கிழிஞ்சா மாத்தித் தர இந்தப் பக்கம் ஆள் கிடையாதாம்.

இதை எங்க ஊர்ல வந்தா சொல்றது? கம்பெனியில எந்நேரமும் பஞ்சு பறக்கும். நாங்க எதைத் தொட்டாலும் ஊதித்தான் தொடுவோம். சோத்துப் போசியை ஊதுவோம், டீ கிளாஸை ஊதுவோம், சாமி படத்தைக்கூட ஊதிட்டுத்தான் கும்பிடுவோம். மைக்கைக் கண்டதும் உதடு தானா குவியும். கன்னையன் குறுக்கே பாய்ஞ்சு கையால அவிய வாயைப் பொத்துவான். மத்தபடி பெரிய மனுசங்களைக் கண்டா அவனுக்கு முதுகு நிமிராது. "சரிங்க, ஆமாங்க, தப்புதானுங்க" இந்த மூணையும் வெச்சே பொழப்பை ஓட்டினவன்.

அறுபத்தாறுல எங்க கம்பெனி ஆயுத பூஜைக்கு அவன் செட்டுதான். தெரு மொனை வரைக்கும் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தான். என்னைய முருகன் பாட்டுப் பாடச் சொன்னாங்க. "ஒரு கை தள்ளி நில்லுங்கக்கா, அதுக்குக் கேக்கும்"னு என்னைய நிறுத்தினான். மைக்குக்கு அந்தப் பக்கம், பொரிப் பொட்டலத் தட்டோட மேனேஜர். அவர்கிட்ட வந்து நின்னாரு முதலாளி மயில்சாமி.

"ஏனுங்க, அந்தப் பக்கமும் கேக்குமுங்க"ன்னான் கன்னையன்.

"மைக்குக்கு முதுகுலயாடா காது? போடா!"

நான் ஒரு அடி பாடி முடிச்சு மூச்சு இழுத்தேன். நாலு குழாயிலயும் முதலாளி குரல் வந்துச்சு:

"சங்கத்துல பேர் குடுத்த பன்னெண்டு பொம்பளைகளையும் திங்கக்கிழமை நிறுத்தீரு. பொரியைத் தின்னுட்டுப் போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். பாடறாளே, இவளும் அதுல ஒருத்திதான். நல்லாத்தான் பாடறா. பரவால்ல, அவளையும் நிறுத்தீரு."

என்ற சம்பளத்துலதான் மூணு உசுரு சாப்பிடுது. கூட்டம் எந்திரிச்சுருச்சு. முதலாளி மொகம் வெளிறிப் போச்சு. கன்னையன் தோளை அழுத்தி, "மைக்குக் கோளாறு, ஏதேதோ குரல் வருதுன்னு சொல்லு. வருசம் பூரா என்ற விசேசமெல்லாம் உனக்குத்தான்"னாரு. அதுவும் குழாயில கேட்டுச்சு. பாவம், பதட்டம்!

இவன் சொல்லிருவான்னுதான் நினைச்சேன். நாசமாப் போறவன், இவனுக்கு ஏது முதுகெலும்புன்னு மனசுக்குள்ள வஞ்சேன். என்னையச் சொல்லியிருந்தா, அவங்காத்தாளைச் சொல்லியிருந்தாக்கூட, "ஆமாங்க"ன்னிருப்பான். ஆனா சொன்னது அவன் மைக்கை! கன்னையன் மைக்குக்கு ஒரு கை தள்ளி நின்னான்.

"மைக்குல ஒரு கோளாறும் இல்லீங்க. நீங்க சொன்னதைத்தானுங்க அது சொல்லுச்சு."

முதலாளி அவனைத் தள்ளி விட்டுட்டு மைக்கைப் புடிச்சாரு. மேலே பஞ்சு ஒட்டியிருந்துச்சு. அறியாப் பருவத்துல இருந்து பஞ்சுலயே பொரண்ட மனுசன். உதடு குவிஞ்சுருச்சு. கன்னையன் பாய்ஞ்சான், மேனேஜர் புடிச்சுக்கிட்டாரு.

ஃபூ!

குழாயில 'டப்'புன்னு ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணுமில்லை. முதலாளி கையை ஆட்டி ஆட்டி என்னென்னவோ மறுத்தாரு. வாய் மட்டும் அசைஞ்சுச்சு. கூட்டம் கெக்கேன்னு சிரிச்சுச்சு. நானுந்தான் சிரிச்சேன். கன்னையன் மட்டும் மைக்கை மடியில வெச்சுட்டுத் தரையில உக்காந்திருந்தான்.

திங்கக்கிழமை ஒருத்தரும் உள்ளே போகலை. பன்னெண்டு பேரையும் சேர்த்துக்கிட்டாத்தான் மிசின் ஓடும்னு வாசல்லயே நின்னாங்க. புதன்கிழமை கூப்பிட்டுக்கிட்டாங்க. கன்னையனை மட்டும் அப்புறம் எந்தக் கம்பெனியும் கூப்பிடலை.

அடுத்த தை மாசம் பெருமாநல்லூர்ல ஒரு கல்யாணம். வேற மைக்கு கொண்டாந்திருந்தான், சின்னதா, பம்பரமாட்டம். பொண்ணோட மாமன் வந்து நல்லா ஊதினாரு. கன்னையன் தடுக்கலை. என்னையப் பாடக் கூப்பிட்டாங்க. பழக்கத்துல நான் ஒரு கை தள்ளி நின்னேன்.

"கிட்ட வாங்கக்கா"ன்னான், என்ற மொகத்தைப் பார்க்காமயே. "இதுக்கு அவ்வளவு தூரமெல்லாம் கேக்காதுங்க."