யாரும் வரவில்லை என்றார்கள்

எங்கள் ஊர்ப்பக்கம் கொலைகாரன் நடமாடிய அந்த வருஷம் டீக்கடைகளுக்கு நல்ல வியாபாரம். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். ஆனால் நான் பார்த்தது அதைத்தான். செஞ்சியைச் சுற்றியிருக்கும் கிராமங்களில், கழனியோரத்து வீடுகளில் தனியாக இருந்த வயதான பெண்கள் மூன்று பேர், சில மாத இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகத் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார்கள். மூன்று பேர் காதிலும் கம்மல் இல்லை. மூன்றும் பட்டப்பகலில் நடந்தவை. கதவும் உடையவில்லை, பூட்டும் உடையவில்லை.

முதல் சாவைக் கொலை என்றே யாரும் நினைக்கவில்லை. கிழவி வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். கம்மலை எடுத்தது நீயா நானா என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு கருமாதிக்குத் தனித்தனியாக வந்து போனார்கள். பெற்றவள் எப்படிச் செத்தாள் என்று கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. தளவானூர்ப் பக்கம் இரண்டாவது, அவலூர்பேட்டை ரோட்டில் மூன்றாவது என்று ஆன பிறகுதான் ஊர் விழித்துக்கொண்டது. விழித்ததும் அது செய்த முதல் காரியம் செல்போனைக் கையில் எடுத்தது.

வெளியூரிலிருந்து சேனல்காரர்கள் வந்தார்கள். கொலை நடந்த வீடுகளுக்குப் போக வெயிலில் வெகுதூரம் நடக்க வேண்டும் என்பதால், கோட்டைவாசலிலேயே நின்று, பின்னால் மலை தெரியும்படி வைத்துக்கொண்டு பேசினார்கள். மலைக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாரில்லை. அந்தக் கிழவிகள் உயிரோடு இருந்தபோது ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காத சொந்தக்காரர்கள் எல்லாம் தலை வாரிப் பவுடர் பூசிக்கொண்டு வந்து மைக்கைப் பிடித்து அழுதார்கள். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் அழுகையைப் பார்க்கிறவள். எது கண்ணிலிருந்து வருகிறது, எது கேமராவுக்காக வருகிறது என்று எனக்குத் தெரியும்.

பிறகு தனிப்படை வந்தது. அதற்குத் தலைவராக வந்த இன்ஸ்பெக்டர் ஒல்லியாக, மிருதுவாகப் பேசுகிறவராக, இஸ்திரி கலையாத சட்டையோடு இருந்தார். ஊரே மயங்கிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு ஸ்டேட்டஸ் வைத்தார். பஸ் ஸ்டாண்டில் அவர் ஜீப் நின்றால் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். கொலைகாரனைப் பிடிக்க வந்தவரைப் பார்க்கவே நேரம் போதவில்லை, கொலைகாரனைப் பற்றி யாருக்குக் கவலை?

அவரை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன். முட்டாளாக இருந்திருந்தால் என் தம்பி தப்பித்திருப்பான். அவர் சரியாகத்தான் யோசித்தார். கதவைத் திறந்துவிட்டது கிழவிகளேதான். நாய் குரைத்ததாக யாரும் சொல்லவில்லை. அப்படியென்றால் வந்தவர் கதவைத் திறக்க வைக்கக்கூடியவர். மூன்று ஊரிலும் அக்கம்பக்கம் எல்லாரையும் கூப்பிட்டு, "அன்னிக்கு வெளியாள் யாராவது வந்தாங்களா?" என்று கேட்டார். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"யாரும் வர்ல சார்."

"ஒரு வியாபாரி, ஒரு சாமியார், வழி கேட்டு யாராவது?"

"ஒரு ஈ காக்கா வர்ல சார். வந்தா எங்க கண்ணுல படாம போவுமா?"

வெளியாள் வரவில்லை என்றால் தெரிந்த ஆள். மூன்று வீட்டுக்கும் பொதுவாகத் தெரிந்த ஆள் யார் என்று அடுத்துக் கேட்டார். கேஸ் சிலிண்டர் போடுகிற பையன் என்றார்கள். அது என் தம்பி.

அவன் என்னைவிட ஒன்பது வயது சின்னவன். நைனா போன பிறகு அம்மாவோடு இருந்து அவளைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். பேச்சு குறைவு. சத்தம் போட்டுப் பேசினால் எதிராளிக்கு வலிக்குமோ என்று பயப்படுகிற சுபாவம். அந்த மாசம்தான் திண்டிவனம் பக்கம் ஒரு பெண் பார்த்துப் பேசி முடித்திருந்தோம். அவனை விசாரணைக்குக் கூட்டிப்போன அன்று சாயந்திரமே பெண்ணின் மாமா போன் செய்து, ஜாதகத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்தார்களாம், பொருந்தவில்லையாம் என்றார். அந்த ஜாதகத்துக்கு இருந்த வேகம் தனிப்படைக்குக்கூட இல்லை.

ஊர் பேச ஆரம்பித்தது. எங்கள் எதிர்வீட்டு அம்மாளுக்கு டியூப்லைட் மாட்டுவதிலிருந்து ரேஷன் மூட்டை தூக்கிவருவது வரை என் தம்பிதான். அவள் தன் வாசலில் நின்று மைக்கில் சொன்னதை நான் என் ஜன்னலிலிருந்தே கேட்டேன். "ரொம்ப அமைதியான பையன்ங்க. அதிர்ந்து பேச மாட்டான். அதான் எனக்கு அப்பவே டவுட்டு." அவன் கோபக்காரனாக இருந்திருந்தால் அதையும் அப்பவே டவுட்டு என்றுதான் சொல்லியிருப்பாள். வேறொருத்தர், அவன் சிலிண்டரை ஒரே கையால் தூக்குவான், பார்த்தாலே பயமாக இருக்கும் என்றார். இத்தனை காலம் அவரும் அந்தக் கை தூக்கிவந்த கேஸில்தான் சோறு பொங்கித் தின்றார்.

தனிப்படை தங்கியிருந்த கட்டடத்துக்கு நான் போனேன். இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார், மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க தம்பி மூணு வீட்டுக்கும் போயிருக்கான் சிஸ்டர்."

"அவன் இந்தத் தாலுகாவுல பாதி வீட்டுக்குப் போயிருக்கான் சார். அது அவன் வேலை."

"சமையல்கட்டு வரைக்கும் போறவன். வீட்ல யார் இருக்காங்க, எப்ப தனியா இருப்பாங்கன்னு எல்லாம் தெரியும்."

"தெரியும். அதனால கொன்னுட்டானா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "டென்ஷன் ஆவாதீங்க. சீக்கிரம் அவனே சொல்லிடுவான்," என்றார். அப்படி 'அவனே சொல்லிவிட்ட' ஆட்கள் பலருக்கு நான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறேன். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தம்பியைப் பார்க்க விட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கையும் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் கையை மடியில் மறைத்துக்கொண்டான்.

"அம்மா சாப்டுச்சா?"

"சாப்டுச்சி. நீ சாப்டியா?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, ஒத்துக்கினா அடிக்க மாட்டோம்னு சொல்றாங்க. நாளைக்குக் கையெழுத்து கேப்பாங்களாம். போட்டுடட்டா? அப்பறம் கோர்ட்டுல இல்லன்னு சொல்லிக்கலாம் இல்ல?" என்றான்.

"போட்டுடாதடா," என்றேன். "செத்தாலும் போடாத." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவன் தலையை ஆட்டினான். போடாமல் இருக்க அவனால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருந்தது.

வக்கீலைத் தேடிப் போனேன். நாளை மறுநாள் வரச் சொன்னார். நம் ஊரில் எல்லா நல்லதும் நாளை மறுநாள்தான்.

மறுநாள் மத்தியானம் நான் டூட்டியில் இருக்கும்போது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மேல்மலையனூர் போகும் வழியில் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்மண்டையில் காயம். ஒரு காது மடல் கிழிந்து தொங்கியது. கம்மல் இல்லை. ஆனால் உயிர் இருந்தது, பேச்சும் இருந்தது. "மெதுவாப் புடிங்கடா, இடுப்பு வலிக்குது," என்று தூக்கியவர்களைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

என் தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நான்காவது நடந்திருக்கிறது. இனி அவனை விட்டுத்தானே ஆக வேண்டும் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் நம் ஜனங்களின் மூளையை நான் குறைவாக மதிப்பிட்டிருந்தேன். காயத்தை நான் துடைத்து முடிப்பதற்குள் வெளியே பேச்சு மாறிவிட்டது. "அப்ப ரெண்டு பேரு கூட்டு போலக்குது," என்று ஒருவன் சொன்னான். "உள்ள இருக்கறவனக் காப்பாத்த வெளிய இருக்கறவன் செஞ்சிக்கிறான்," என்றான் இன்னொருவன். அதைக் கேட்டு நாலைந்து பேர் தலையாட்டினார்கள். இன்ஸ்பெக்டர் வந்து இறங்கியபோது அவர் முகத்திலும் அதே கணக்கு ஓடுவதைப் பார்த்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் தையல் போடச் சாமான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"பாட்டி, வீட்டுக்கு யார் வந்தது?"

"யாரும் வர்லப்பா."

"பயப்படாதீங்க. தெரிஞ்ச ஆளா?"

"யாருமே வர்லன்னு சொல்றேன் இல்ல."

"அப்ப அடிச்சது யாரு?"

"பின்னால இருந்து விழுந்துது அடி. நான் இன்னாத்த கண்டேன்?" என்ற கிழவி, திடீரென்று கண்ணீர் விட ஆரம்பித்தாள். காயத்துக்கு அழுகிறாள் என்று நினைத்தேன். "மொறத்துல இருந்த அரிசி பூராக் கொட்டிடுச்சே. அம்மாவுக்குப் போவ வேண்டிய அரிசிய மிதிச்சிக்கினுல்ல என்னத் தூக்கியாந்தானுங்க. சாமி குத்தம் ஆயிடுச்சே," என்றாள்.

"எந்த அம்மா?"

"மலையனூர் அம்மாதான். மடிப்பிச்ச கேட்டு வந்தாளே, அவளுக்குப் போட அள்ளிக்கினு இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "யாரும் வரலன்னு சொன்னீங்களே?"

"ஆமா, யாரும் வர்ல," என்று கிழவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "மடிப்பிச்சதான் வந்துது."

மலையனூர் அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மஞ்சள் புடவை கட்டி, வேப்பிலையைச் செருகிக்கொண்டு, முந்தானையை ஏந்தி வீடு வீடாக வந்து அரிசியோ காசோ வாங்குவார்கள். அதைக் கொண்டுபோய்க் கோயிலில் செலுத்தினால்தான் வேண்டுதல் தீரும். கேட்டு வந்தவளை இல்லையென்று அனுப்பக்கூடாது. எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று கேட்கக்கூடாது. அவள் வந்தால் அம்மனே வந்த மாதிரி. அம்மன் வந்ததைப் போய் யாராவது போலீஸில் சொல்வார்களா? வெளியாள் வந்தாரா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை.

அதற்கப்புறம் இன்ஸ்பெக்டர் மூன்று ஊருக்கும் திரும்பப் போய்க் கேள்வியை மாற்றிக் கேட்டார். அவரே பிறகு என்னிடம் சொன்னார். "மடிப்பிச்சை வந்துச்சா?" என்றதும், "அது வந்துதே சார்," என்று உடனே சொன்னார்களாம், ஏன் இதை முதலிலேயே கேட்கவில்லை என்பதுபோல. அவலூர்பேட்டை ரோட்டில் செத்தவளின் பக்கத்து வீட்டுக்காரி, மடிப்பிச்சை கேட்டு வந்தவளுக்குக் கை அலம்பச் சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றியிருக்கிறாள். கையில் சிவப்பாக இருந்ததைக் குங்குமம் என்று நினைத்தாளாம். விழுந்து கும்பிட்டாளாம் வேறு. கும்பிட்டதைச் சொல்லும்போதும் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான் என்றார் இன்ஸ்பெக்டர்.

அடுத்த அமாவாசையன்று அந்த மடிப்பிச்சைக்காரி பிடிபட்டாள். மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் மஞ்சள் புடவையோடு நின்றிருந்தாள். மடியில் அரிசி, அரிசிக்குள் கம்மல். எங்கள் ஊரில் யாருக்கும் அவளைத் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்திருந்த என் தம்பிக்குத்தான் கை வீங்கியது.

அவனை விட்ட அன்று இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு வகையில நல்லதுதான் சிஸ்டர். அவன் வெளிய இருந்திருந்தா உங்க ஊர்க்காரங்களே அடிச்சிக் கொன்னிருப்பாங்க," என்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆளுக்கு வாயில் வந்த சமாதானம். ஆனால் அதில் பொய் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். ஊர்க்காரர்கள் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, அவன் செய்திருக்க மாட்டான் என்று தங்களுக்கு அப்பவே தெரியும் என்றார்கள். இவர்களுக்கு எல்லாமே அப்பவே தெரியும்.

கை ஆறியதும் தம்பி வேலைக்குப் போனான். போகாதே, வேறு ஏதாவது பார்க்கலாம் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. ஓர் அமாவாசைக்கு முந்தின நாள் நான் வீட்டில் இருந்தேன். காலையில் ஒரு மஞ்சள் புடவை எங்கள் தெருவுக்கு வந்தது. இத்தனை நடந்த பிறகும் ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. எதிர்வீட்டு அம்மாள் முறத்தில் அரிசி கொண்டுவந்து போட்டுவிட்டுத் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டாள். நின்றவளின் முகத்தை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் என் தம்பி சிலிண்டரோடு அதே வீட்டுக்கு வந்தான். இரும்பு கேட்டுக்கு உள்ளே பூட்டுப் போட்டிருந்தது. அவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "அங்கயே வெச்சிட்டுப் போப்பா. அவரு வந்து எடுத்துக்குவாரு," என்றாள். குரலில் தேன் ஒழுகியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, காலைல ஊரு பேரு தெரியாதவளுக்கு வாசல தொறந்து வுட்டியே, இவனுக்கு இன்னா பூட்டு?" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வுடுக்கா," என்றான் தம்பி. "பயப்படறாங்க. இன்னா பண்ண முடியும்?"

பிறகு அடுத்த சிலிண்டரை எடுத்தான். அது என் வீட்டுக்கு. நான் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, அடுப்படியில் பழைய சிலிண்டரைக் கழற்றப் போனேன். வெகுநேரம் காலடிச் சத்தம் கேட்கவில்லை. வந்து பார்த்தால், கேட்டுக்கு வெளியே சிலிண்டரை நிறுத்திவிட்டு, வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.

"ஏண்டா அங்கயே நிக்கற? உள்ள கொண்டா."

"இங்கயே வெச்சிடறேன்கா," என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ எடுத்துக்கினு போயிடு."