பொட்டு வைக்காத வண்டி

என் மகளின் மீன் வேனுக்குப் பெயர் ஒட்ட வந்த ஸ்டிக்கர்காரருக்கு முறுக்கு மீசை. முழங்கை வரை அலுமினியக் கறுப்பு அப்பியிருந்தது. வண்டிப் பக்கத்தின் வெளுத்துப் பொடிபூத்த அலுமினியத் தகட்டைத் தேய்க்கும்போதெல்லாம் அதைத் திட்டுவார். "இன்னும் அழுக்க விடமாட்டியா நீ?"

விபத்துக்குப் பிறகு மகள் முதன்முறையாக வண்டியெடுக்கும் நாள் அது. கழுவி, தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அவர் நிமிர்ந்ததும், நான் அவசரமாகத் தகட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன்.

அலறினார். "யக்கா! இம்புட்டு நேரம் பொடியத் தேய்ச்சு எடுத்தேன், மறுபடி பொடிய அப்புறீங்களே! பேரு ஒட்டாதுங்க."

"பொட்டு வைக்காம எப்படித் தம்பி அனுப்புறது? போன தடவ மறந்துதானே..."

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அவர் மறுபடி ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தார். பிறகு குனிந்து தன் நெற்றியை நீட்டினார். "எனக்கு வைங்க. ஒட்டப்போறது நான்தானே."

வைத்தேன். பெயர் ஒரு குமிழிகூட இல்லாமல் படிந்தது. மகள் ஹாரன் அடித்தபடி மணமேல்குடிக்குக் கிளம்பினாள். மீனெல்லாம் விற்று, மதியம் காலிப் பெட்டிகளோடு சிரித்துக்கொண்டே வந்து இறங்கினாள்.

அந்த மழைக்காலம் முழுக்க ஓர் எழுத்தும் உரியவில்லை.

அன்று அவர் பொட்டை அழிக்காமலே அடுத்த லாரியைத் திட்டப் போனார். பொட்டில் அவருக்கும் நம்பிக்கை இருந்ததா என்று நான் கேட்கவேயில்லை.