பெயர் தெரியாத கை

இதைப் படித்துவிட்டு 'காதில் பூ சுற்றுகிறாள்' என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். எலும்பைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். பேய், பிசாசு என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்த மூன்று படங்களும் எங்கள் மருத்துவமனைக் கணினியில் இன்னும் இருக்கின்றன. நேரத்தோடு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏற்றிவிட்டது அம்மாவின் துடைப்பம். அதனால் கல்லூரியில் எனக்குத் 'துடைப்பக்கட்டை' என்று பட்டப்பெயர். அந்தக் கோபத்தைக் கூடப் படித்தவர்கள்மேல் காட்ட எனக்குத் துப்பில்லை. அம்மாமேல் காட்டினேன். அவள் தரை துடைக்கும் அதே மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"ஆஸ்பத்திரில என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மா."

"சரிங்க மேடம்," என்று சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் நான் அவளுக்கு மேடம்தான்.

ஞாயிறு மதியங்களில் எங்கள் எக்ஸ்ரே அறைக்கு வேலை இருக்காது. தலைமை மருத்துவரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினேன். பூட்டு, செருப்பு, வெங்காயம், பொம்மை என்று கையில் கிடைத்ததையெல்லாம் எக்ஸ்ரே எடுத்தேன். முதலில் சிரித்தார்கள். பிறகு கண்காட்சியில் மாட்டினார்கள். பத்திரிகையில் 'கலைஞர்' என்று எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் ஈரத் தரையில் வழுக்கி அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. எக்ஸ்ரே எடுத்தது நான். அறையில் நாங்கள் இருவர் மட்டும். கதவு சாத்தியிருந்தது. அப்போதும் அவள் கேட்டாள்:

"முடிஞ்சுதுங்களா, மேடம்?"

"முடிஞ்சுது. போங்க," என்றேன். பழக்கம்.

படம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. பிழிந்து பிழிந்து தேய்ந்த மூட்டுகள். மணிக்கட்டில் மின்னல் மாதிரி ஒரு கீறல். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூலையில் இருந்த பெயரையும் வயதையும் வெட்டி எறிந்தேன். 'பெயர் தெரியாத கை' என்று தலைப்பு வைத்தேன். முதல் பரிசு அதற்குத்தான்.

கண்காட்சிக்கு அம்மா சொல்லாமல் வந்துவிட்டாள். தோளில் அவளுடைய பழைய துணிப்பை. நேராக அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். என்னைச் சுற்றி ஏழெட்டுப் பெரிய மனிதர்கள்.

"இது யாரு கைங்க, மேடம்?"

அவளுக்குத் தெரியும். தன் கை தனக்குத் தெரியாதா? எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

"யாருன்னு தெரியாதுங்க," என்றேன்.

"சரிங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. நானும் பேசவில்லை. ஐந்தாவது மாதம் மாரடைப்பு. எரித்தோம். சாம்பலை என் கையால் வாங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து, அடுத்த கண்காட்சிக்காக அம்மாவின் துணிப்பையை எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குப் போனேன். தலைப்பு அட்டை முன்பே அச்சாகியிருந்தது. 'ஒரு துப்புரவுத் தொழிலாளியின் பை'. என் அம்மாவின் பை என்று அப்போதும் எழுதவில்லை. திருந்தாத ஜென்மம்.

ஞாயிறு மதியம் 2:34. பையை மேசையில் வைத்தேன். உள்ளே அவள் விட்டுப்போனபடியே சாப்பாட்டு டப்பா, சாவி, சீப்பு. ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்று பொத்தானை அழுத்தினேன்.

திரையில் டப்பா தெரிந்தது. சாவி தெரிந்தது. பையின் பிடியில்... நான்கு விரல்கள்.

எக்ஸ்ரே பதியும் பிளேட்டில் முந்தைய படத்தைச் சரியாக அழிக்காவிட்டால் இப்படி நிழல் தங்கும். எங்கள் தொழிலில் சாதாரணம். பிளேட்டை இரண்டு முறை அழித்தேன். அழிக்கும்போதுதான் நினைவு வந்தது. அது அன்று காலை உறை பிரித்த புதுப் பிளேட்.

2:41. இரண்டாவது படம்.

விரல்கள் பிடியை விட்டிருந்தன. முழுக் கையும் பைக்குப் பக்கத்தில் கிடந்தது. வலது கை. மணிக்கட்டில் எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

நான் எடுத்த படத்தில் இருந்தது புது முறிவு. கூடிய பிறகு அந்தக் கையை யாரும் படம் எடுக்கவே இல்லை. 'சரியாயிடுச்சும்மா, திரும்ப வராதே' என்று தடுத்தவளே நான்தான்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேசையில் பை மட்டும்தான்.

2:47. ஏன் மூன்றாவது முறை அழுத்தினேன்? தெரியாது.

கை விரித்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளங்கை கீழே. விரல்கள் அகலமாக. அசையாமல். கை முறிந்த அன்று நான் வைக்கச் சொன்ன மாதிரியே.

கீழே ஒரு வெள்ளை எழுத்து. வலது பக்கம் என்று காட்ட, படம் எடுக்கும்போது நாங்கள் பக்கத்தில் வைக்கும் ஈய எழுத்து. ஓரத்தில் என் முதலெழுத்து. எங்களில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒன்று உண்டு.

அதை நான் வைக்கவில்லை.

எப்போதும் அதைப் போட்டுவைக்கும் சட்டைப் பையைத் தடவினேன். இல்லை.

கிரீச்...

மாப் வாளியின் சக்கரம்.

கிரீச்... கிரீச்...

அறைக்கு உள்ளே.

நின்றது.

"முடிஞ்சுதுங்களா, மேடம்?"

'அம்மா' என்று கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"முடிஞ்சுது... போங்க."

அதுதான் வந்தது.

கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். சாவி இரவெல்லாம் என் கைக்குள்தான் இருந்தது. மறுநாள் காலை திறந்தபோது மேசையில் பை இல்லை. தரை துடைத்திருந்தது. இன்னும் ஈரம்.

வெளியே வந்தேன். அவசரப் பிரிவுப் பதிவுக் கவுண்டர்க்காரர் கூப்பிட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"பொம்மைக்கெல்லாம் எக்ஸ்ரே எடுக்கிற மேடம் நீங்கதானே? நேத்து ஒரு அம்மா வந்தாங்களே, பார்த்தீங்களா?"

"எந்த அம்மா?"

"வலது கைக்கு எக்ஸ்ரேன்னாங்க. அந்த ரூம் இன்னிக்குக் கிடையாதும்மான்னேன். 'என் பை உள்ள இருக்கு, எடுத்துட்டுப் போயிடறேன்'னாங்க."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஞாயிறு, 2:31. அம்மாவின் பெயர். அம்மாவின் வயது. 'உடன் வந்தவர்' என்ற கட்டத்தில், யாரும் இல்லை.

"முகஜாடை அப்படியே உங்களை உரிச்சு வச்ச மாதிரி இருந்துச்சு மேடம். அதான், உள்ள இருக்கிற மேடம் உங்க பொண்ணான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'யாருன்னு தெரியாதுங்க'ன்னாங்க."