போனக்காட்டுக்கு ஒரு பாட்டில் மாத்திரை

2008 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. நான் போனக்காட்டுக்குப் போனது மலை பார்க்க அல்ல. அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணனுக்கு மாத்திரை கொண்டுபோனேன். அவனுக்கு எச்.ஐ.வி. பழைய மருந்தில் ரத்தம் குறைந்துபோனதால், டாக்டர் டெனோஃபோவிர் என்ற மாத்திரைக்கு மாற்றியிருந்தார். இதை எழுதச் சொன்னது அவன்தான். பெயர் மட்டும் வேண்டாமாம்.

மற்ற மாத்திரைகள் அட்டையில் வரும், இது மட்டும் பாட்டிலில். எடுத்தாலே கிலுகிலுக்கும். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர், அதுவும் கூரையை எட்டாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று பயந்து, மாத்திரைகளைக் காகிதத்தில் பொதிந்து அரிசி டின்னில் ஒளித்துவிட்டான். பாட்டில், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் எல்லாம் குப்பைக்குப் போயின. மகா புத்திசாலி! மலை மழையில் மாத்திரைகள் ஊறி உப்பிப்போயின. முந்தின நாள் புதன்கிழமை, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்குப் போன் செய்தான்.

"நல்லதா இருந்த கடைசி ஒண்ணையும் இன்னைக்குப் போட்டுட்டேன்டி."

மருந்துக்கடைக்காரர் புதுப் பாட்டிலைத் தந்தபடி சொன்னார்: "இது அப்படியே மருந்தில்லக்கா. உள்ள போனப்புறம் உடம்புதான் இதப் பிரிச்சு மருந்தாக்கும். ஈரம் பட்டா வெளியிலேயே பிரிஞ்சிடும். ஒரு நாளும் தவறக்கூடாது, கிருமி மருந்துக்குப் பழகிடும்."

அண்ணன் மாத்திரை போடுவது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பன்னிரண்டரைக்கு. தம்பானூர் நிலையத்தில் காலை 5.40க்குப் பேருந்து. விதுரை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், 7.25க்கு இறங்கினேன். போனக்காட்டு வண்டி 9.30க்குத்தான். அதுவரை இரண்டு தோசை, மூன்று டீ, நூறு வேண்டுதல்.

ஊருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது.

"சேச்சீ, மரம் விழுந்து கிடக்கு. இனி வண்டி போகில்லா," என்றார் கண்டக்டர்.

"நடந்தா எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணிக்கூர். மழையாக்கும், பாத்துப் போங்க."

மணி 11.10. பாட்டிலை முந்தானையில் சுற்றி, குடையை எனக்குப் பிடிக்காமல் அதற்குப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முந்தானைக்குள் அது கிலுகிலுத்துக்கொண்டே வந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

12.20க்கு லயம். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டு வாசலையே பார்த்திருந்தான். சாப்பிட்டு முடித்தான். நான் மூடியைத் திறந்து, அவன் உள்ளங்கையில் ஒரு மாத்திரையைக் குலுக்கிப் போட்டேன். தண்ணீரோடு விழுங்கினான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டு லில்லியக்கா, கொழுந்து பறிப்பவர்.

"தம்பீ, மருந்து வந்திட்டுதா?"

அண்ணன் பாட்டிலை அவசரமாக முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"என்ன மருந்துன்னு நான் கேக்கலை, கேட்டோ. தினமும் சோறு உண்ணும்போ அந்தக் கிலுகிலுச் சத்தம் கேக்கும். ரெண்டு வாரமா இல்லை. நிறுத்திட்டியோன்னு எனக்கு ஒரே பேடியும் பயமும். இன்னைக்குத்தான் சோறு இறங்குது."

அண்ணன் தட்டைப் பார்த்தபடி அழுதான். நானும்தான்.

போகிறவர்களுக்கு: பேருந்துகள் குறைவு, திரும்பும் நேரத்தை விதுரையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் நடக்கத் தயாராக இருங்கள். மாத்திரை கொண்டுபோனால் பாட்டிலை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

அண்ணன் இப்போது தினமும் மதியம், மூடியைத் திறக்கும் முன் இரண்டு தடவை குலுக்குகிறானாம்.