ஜன்னல் கட்டையில் ஒரு பல்

என் பொத்தான் டப்பாவில் ஒரு பல் இருக்கிறது. மனிதப் பல் இல்லை. சுண்டுவிரல் நீளம், கையில் எடுத்தால் கனக்கும். பழுப்பேறி, வேர்ப் பக்கம் கறுத்துப் போயிருக்கிறது. மேல் பக்கத்தைத் தடவினால் புதிதாகக் கொத்திய அம்மி போலச் சொரசொரக்கும். போன தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது மருமகள் டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்தாள். "ஐயோ அத்தை, என்ன இது, எலும்பா? வீட்டுல இதெல்லாம் வெச்சிருக்கக் கூடாது லா. தூக்கிப் போட்டுரவா?" என்றாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டேன். விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எழுதுவதென்றால் அவ்வளவு கூச்சமில்லை. காகிதம் திருப்பிக் கேள்வி கேட்காது. நாலாவது வரை படித்த படிப்பு இதற்குப் போதும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பல்லைக் கொடுத்தவர் என் கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார். கொடுத்தவர் என்று சொல்வதுகூடச் சரியில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி தம்பி மனைவி மூத்தாரோடு பேசக் கூடாது. அவர் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அவரும் நான் இருக்கும் பக்கம் கண்ணைத் திருப்ப மாட்டார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் தம்பியிடம் சொல்வார், தம்பி என்னிடம் சொல்வார். ஒரே கூரையின் கீழ் பல வருஷம் அப்படித்தான் இருந்தோம். பேசக் கூடாது என்பது என்னைப் போன்றவளுக்குச் சுமையே இல்லை, வசதி.

நான் கல்யாணமாகி ஊரிலிருந்து கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தது ஐம்பதுகளின் நடுவில். புக்கித் தீமா பக்கம் ஒரு வெள்ளைக்கார துரையின் பங்களா. பின்னால் குதிரை லாயம், லாயத்தை ஒட்டி எங்கள் வீடு. மூத்தார் அங்கே குதிரைக்காரர். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, காலையில் போய்ப் பொழுது சாயத் திரும்புவார். மூத்தார் மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்ததால் சமையலும் கூட்டிப் பெருக்குவதும் என் பொறுப்பு. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் லாயத்து முற்றம். வீட்டில் வேறு பெண்துணை இல்லை. அதனால் அந்த ஜன்னலில்தான் என் பொழுது போனது. பார்க்கக் கிடைத்தது குதிரைதான்.

லாயத்தில் இரண்டு குதிரைகள். ஒன்று துரை ஏறுவது. மற்றது அவர் மனைவி துரைசாணியம்மாவின் சாம்பல் நிறப் பெண்குதிரை. அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெரிய பேர் இருந்தது, மூத்தார் ராணி என்றுதான் கூப்பிடுவார். நடுவயதுக் குதிரை, சாது. கோழி காலுக்கிடையில் போனால்கூடப் பார்த்துத்தான் காலை எடுத்து வைக்கும். அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த சமயத்தில் அதன் குணம் மாற ஆரம்பித்தது. கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே காதைப் பின்னால் மடக்கித் தலையோடு ஒட்டிக்கொள்ளும். ஈ இல்லாத நேரத்திலும் வாலைச் சுழற்றி அடிக்கும். துரைசாணியம்மா ஏறிய பிறகு தலையை மேலே மேலே எறியும். வலது பக்கம் திருப்பினால் திரும்பும், இடது பக்கம் இழுத்தால் கழுத்தை மரக்கட்டையாக வைத்துக்கொண்டு பின்னால் போகும். சும்மா நிற்கும்போதும் மூக்குத் துவாரத்துக்கு மேலே தோல் சுருங்கி, கண்ணுக்கு மேல் ஒரு மடிப்பு விழுந்திருக்கும். தலைவலி வந்த பொம்பளை முகம் அது. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

மூத்தார் இதையெல்லாம் பார்க்காதவர் இல்லை. இராத்திரிச் சாப்பாட்டின்போது தம்பியிடம் பேசுவார், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். "நாய் வலிச்சா கத்தும்டா. குதிரை கத்தாது. அதுக்கு இருக்கிற வாயெல்லாம் காதுலயும் வாலுலயும்தான்" என்பார். இன்னொரு நாள், "வலிக்குதுன்னு காட்டிக்கிட்டா புலி வந்துரும்னு அதுக்குப் பொறக்கும்போதே பயம். இங்க ஏதுடா புலி? அதுக்கு எப்படிச் சொல்றது?" என்றார். முதுகெலும்பை ஓரங்குலம் விடாமல் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். குளம்பைத் தட்டிப் பார்த்தார். சேணத்துக்குக் கீழே போடும் கம்பளியை மாற்றினார். வாயையும் திறந்து பார்த்தார். முன் பல்லெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. தீனித் தொட்டி காலையில் துடைத்து வைத்தது போல இருக்கும். "நல்லாத்தான் திங்குது. அப்ப வயித்துலயும் ஒண்ணுமில்லை. கொழுப்பா இருக்குமோ?" என்று அவரே கேட்டுவிட்டு, அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

ஆனால் அது நன்றாகத் தின்னவில்லை. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. காரணம் அவருடைய சட்டம்தான். துரை காலையில் லாயத்துக்கு வரும்போது முற்றத்தில் ஒரு புல் கிடக்கக் கூடாது என்பார். அதனால் ஆண்கள் எழுந்து முகம் கழுவுவதற்குள் நான் முற்றத்தைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். ராணிக்குப் பாதிக் கதவுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு மெல்லும் பழக்கம். கதவுக்கு நேர் கீழே சிமெண்டுத் தரையில் தினமும் உருண்டை உருண்டையாகப் புல் கிடக்கும். மென்று, எச்சிலில் ஊறி, முழுங்காமல் துப்பியது. வெற்றிலை போட்டுத் துப்பிய சக்கை போல. முதலில் ஒன்றிரண்டுதான். பிறகு முறத்தில் பாதி. நான் குப்பையோடு அள்ளிக் கொண்டுபோய் எருக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிடுவேன். அவர் வந்து பார்க்கும்போது தொட்டியும் காலி, முற்றமும் சுத்தம்.

எல்லாக் குதிரையும் அப்படித்தான் துப்பும் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். எனக்கு அதற்கு முன் குதிரையைத் தெரியாது. துரையின் குதிரை துப்புவதில்லை என்பது மெல்லத்தான் உறைத்தது.

அந்த வாரம் துரைசாணியம்மா விழுந்தார். மேட்டில் இறங்கும்போது ராணி தலையை எறிந்து பின்னங்காலில் நின்றதாம். தோள்பட்டை எலும்பு முறிந்தது. துரை லாயத்துக்கு வந்து சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் பேசினார். சனிக்கிழமை மிருக டாக்டர் வருவார், இனி இந்தக் குதிரை ஆகாது என்றார். மூத்தார் அதைத் தம்பியிடம் சொன்ன விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "துப்பாக்கியோட வர்றாரு" என்றார். அவ்வளவுதான். சோற்றில் கை வைக்காமல் எழுந்துவிட்டார்.

அன்றைக்குக் கணவரிடம் சொன்னேன். ராணி புல்லை மென்று மென்று துப்புகிறது, பெரியவங்க காதில் போடுங்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னது, குதிரை வெத்தலை போடுதா? சுண்ணாம்பு யாரு தடவிக் குடுக்கறா, நீயா?" என்றார். நான் விடாமல் நிற்கவும், "அண்ணன் பொறந்ததுலேருந்து குதிரையோட கெடக்கறாரு. நான் மூட்டை தூக்கறவன். அவர்கிட்ட போய்க் குதிரைக்குப் பல்லைப் பாருன்னு நான் சொல்றதா? இருக்கிற கோவத்துல என்னைய லாயத்துல கட்டிப் போட்டுருவாரு, தாயே" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

எங்கள் பெண்களுக்கு ஒரு வழி உண்டு. மூத்தார் காதில் ஒன்று விழ வேண்டுமென்றால், அவர் இருக்கும்போது பூனையிடமோ அடுப்பிடமோ சொல்வார்கள். அம்மா அப்படிப் பேசி நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அதுவும் வராது. ஆனால் மறுநாள் காலையில் முற்றத்தைக் கூட்டிவிட்டு, அள்ளாமல், முறத்தோடு ராணியின் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். மூத்தார் தண்ணீர் வாளியோடு வரும் சத்தம் கேட்டது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவருக்கு முதுகு காட்டி, குதிரையின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"ஏண்டியம்மா, ராத்திரி முச்சூடும் மென்னு மென்னு துப்பி வெச்சிருக்கியே. நானும் தெனம் கூட்டி அள்ளிக்கிட்டே இருக்கேன். பல்லு வலிச்சா பெரியவங்ககிட்ட சொல்ல மாட்டியா?"

என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ போல இருந்தது. வாளிச் சத்தம் நின்றது. ராணி மட்டும் ஒரு காதை என் பக்கம் திருப்பியது. நான் முறத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி வந்துவிட்டேன். அரிசி களைந்த தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

சாயங்காலம் கணவர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார். "நாளைக்கு முத்தம் கூட்ட வேணாம்னு அண்ணன் சொல்றாரு. ஒரு துரும்பு கெடந்தா குதிக்கிற மனுஷன், கூட்டாதேங்கறாரு. என்ன நடக்குது இந்த வீட்டுல?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன்.

மறுநாள் ஜன்னலில் நின்று பார்த்தேன். மூத்தார் குந்தி உட்கார்ந்து ஓர் உருண்டையை எடுத்தார். பிய்த்துப் பார்த்தார். முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார். பிறகு ராணியிடம் போய் அதன் நாக்கைப் பக்கவாட்டில் வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு கையைக் கடைவாய்க்குள் விட்டார். கடிவாளத்தைக் கண்டாலே பின்வாங்கும் குதிரை அந்தக் கைக்கு அசையாமல் நின்றது. இடது பக்கம், கடைசிப் பல்லுக்கு முன்னால் எங்கோ கை பட்டதும் அதன் உடம்பு முழுவதும் ஒரு தடவை நடுங்கியது. அவர் கையை எடுத்துப் பார்த்தார். கழுவவில்லை. அப்படியே பங்களாவை நோக்கி நடந்தார். துரையிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு இங்கிலீஷ் சொற்பம். கையைத்தான் காட்டியிருப்பார்.

சனிக்கிழமை மிருக டாக்டர் இரண்டு பைகளோடு வந்தார். ஒன்றை ஜீப்பிலேயே விட்டுவிட்டார். மற்றதிலிருந்து நீளமான குறடு ஒன்று வந்தது. ராணிக்கு ஊசி போட்டு, மேலுதட்டைக் கயிற்றால் முறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மூத்தார் அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்து நின்றார். அழுகி ஆடிக்கொண்டிருந்த பல். நெடுநேரம் ஆகவில்லை. நான் பாதியில் கண்ணை மூடிக்கொண்டேன், சத்தம் மட்டும் கேட்டது.

மத்தியானம் அடுப்படிக்குள் போனபோது ஜன்னல் கட்டையில் ஒரு வாழையிலைத் துண்டு இருந்தது. அதன் மேல் அந்தப் பல், கழுவித் துடைத்து. முற்றத்தில் யாரும் இல்லை.

ராணி பிறகு ரொம்ப நாள் இருந்தது. துரைசாணியம்மா மறுபடி அதில் ஏறினார். இந்தத் தீவு தனி நாடான பிறகு துரை சீமைக்குத் திரும்பிவிட்டார். குதிரைகளை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள், எங்கே என்று எனக்குத் தெரியாது. நாங்கள் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் அறைகள் பிடித்துக் குடிபோனோம். மூத்தார் மனைவி, என் ஓரகத்தி, ஊரிலிருந்து வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மூத்தாருக்கு ஒரு துணிக்கடையில் ஜாகா வேலை, இராக்காவல். இராத்திரி கண் விழிக்க வேண்டும் என்று வெற்றிலை போட ஆரம்பித்தவர், பகலிலும் விடவில்லை.

அவர் சாப்பிட்ட தட்டை நான்தான் கழுவுவேன். ஓரத்தில் மென்ற சோறு சின்னச் சின்ன உருண்டையாக ஒதுங்கியிருப்பதை ஒரு நாள் பார்த்தேன். பிறகு அடிக்கடி பார்த்தேன். தண்ணீர் குடிக்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். கண்ணுக்கு மேலே அந்த மடிப்பு. ஓரகத்தியிடம், "அக்கா, பெரியவங்களுக்கு வாயில ஏதோ செய்யுது போல" என்றேன். "என் சமையல் எறங்கலே அவருக்கு. உன் கைப்பக்குவம் கேக்குது" என்று குத்தலாகச் சொன்னாலும், அக்கா அவரிடம் கேட்டுத்தான் பார்த்தார். மூத்தார் போட்ட சத்தம் பக்கத்து அறைவரை வந்தது. "ஒண்ணுமில்லேன்னா ஒண்ணுமில்லே! மனுஷனை நிம்மதியா இருக்க விட மாட்டீங்களா?"

இந்தத் தடவை பேசுவதற்கு அங்கே குதிரையும் இல்லை, பூனையும் இல்லை. இருந்தாலும் என்னால் இன்னொரு முறை முடிந்திருக்குமா என்று தெரியவில்லை. பொத்தான் டப்பாவிலிருந்து பல்லை எடுத்தேன். அவருக்குக் காப்பி வைக்கும் ஸ்டூலில், டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

காப்பி ஆறிப்போகும் நேரம் ஆகியிருக்கும். அப்புறம் ஓரகத்தியிடம் அவர் சொன்னது கேட்டது. "சட்டையை எடு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரணும்."

கன்னத்தின் உட்புறம் புண். கெட்ட புண்தான், ஆனால் முற்றவில்லை என்றார்கள். வெட்டி எடுத்து, கரண்ட் வைத்தார்கள். முகம் ஒரு பக்கம் ஒடுங்கிப்போனது. வெற்றிலையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு மூத்த மகளின் கல்யாணத்தைப் பார்த்தார், பேரனை மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் அவர் போனது வேறு எதனாலோ, தூக்கத்தில்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வந்த மறுநாள் நான் அரிசி களைய எழுந்தேன். மாடி அடுப்படியின் ஜன்னல் கட்டையில் ஒரு துண்டு வாழையிலை. அதன் மேல் பல். சிராங்கூன் ரோட்டில் அந்த வேளைக்கு வாழையிலை எங்கே கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் அந்தக் குதிரையிடம் பேசியதோடு சரி.

மருமகள் இப்போதும் டப்பாவைப் பார்த்தால் முகத்தைச் சுளிக்கிறாள். "அவ்வளவு ஆசைன்னா ஷோகேஸ்ல வைங்க, அத்தை" என்கிறாள். அதற்குரிய இடம் ஜன்னல் கட்டைதான். ஆனால் நாங்கள் இருப்பது பிடோக்கில் பத்தாவது மாடி. ஜன்னல் கட்டையில் எதையும் வைக்கக் கூடாது, கீழே விழுந்தால் அபராதம் போடுவார்கள். அதனால் பொத்தான்களோடு கிடக்கிறது.